முதல் வேடம் எது?



வேடம் புனைவது நமக்குப் புதிதன்று. சித்தூர் வட்டாரத்துத் தருமராசர் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும்போது, பகலில் கதை சொல்வார்கள். இரவில் அதே கதையைக் கூத்தாக ஆடுவார்கள். அருச்சுனன் வேடம் பூண்டவர் உயர்ந்த தவமரத்தில் ஏறுவதைக் காண ஊரே திரண்டு நிற்கும். அங்கே ஆடுவோர் சிலர், பார்ப்போர் பலர். திருப்பதியில் ஆண்டுதோறும் மே மாதத்தில் வரும் கங்கம்மா ஜாத்திரையிலோ ஊர் மக்களே வேடக்காரர்களாகி விடுகிறார்கள்.

இவ்விரண்டையும் அறிந்தவர்களுக்கு மேனாட்டு ஆட்டம் ஒன்றை விளக்குவது எளிது. 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் ஆக்கிய அந்த ஆட்டம் 1974-இல் வெளிவந்தது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்கிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். "இருண்ட குகை, உள்ளே யாரோ முனகும் ஓசை, என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் தத்தம் வேடத்தில் நின்று விடை சொல்ல வேண்டும். எண்ணிய செயல் பலிக்குமா என்ற ஐயம் எழும்போது இருபது முகமுள்ள பகடையை உருட்டிப் பார்ப்பார்கள். ஆடுவோருக்குள் வென்றவர், தோற்றவர் என்று எவருமில்லை. அரிதாரமும் வேண்டியதில்லை, வாய்ச்சொல்லே போதும்.

முதன்முதலாக இந்த ஆட்டத்தில் அமர்பவர் எந்த வேடத்தை ஏற்பது? 1974-ஆம் ஆண்டு நூலில் போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு என மூன்றே தொழில்கள் இருந்தன. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் கையேட்டில் பன்னிரண்டு தொழில்கள். இவற்றோடு மனிதர், குள்ளர் எனக் குலங்களும் பல. புதியவர் திகைக்கிறார். பொருந்தாத வேடத்தை எடுத்தவர் இரவு முழுதும் வாய் திறவாமல் இருந்துவிட்டு, மறுவாரம் வராமலே நின்றுவிடக் கூடும். ஊரும் மொழியும் புதிதாகிய இடத்திற்குப் படிக்க வந்திருக்கும் நம் போன்றவர்க்கு இது சிறிய இழப்பன்று. வாரம் ஒருமுறை நாலு பேருடன் கலந்து பேசிச் சிரிக்கும் வாய்ப்பல்லவா போகிறது?

எண்ணைக் கண்டு மயங்க வேண்டா

புதியவர் முதலில் தேடுவது வலிமை மிக்க வேடத்தை. வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம் என்னும் ஆறு பண்புகளுக்கும் எண்கள் உண்டு. பழைய விதிப்படி ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டுவார்கள். சராசரி 10.5, மிக உயர்ந்த எண்ணாகிய 18 விழுவது 216-இல் ஒருமுறைதான். ஐந்தாம் பதிப்பில் 15, 14, 13, 12, 10, 8 என்னும் ஆறு எண்களை விரும்பியபடி பங்கிட்டுக்கொள்ளும் முறையும் உண்டு.

இந்த எண்கள் எவ்வளவு வேறுபாட்டை உண்டாக்குகின்றன? கணக்கிட்டே பார்ப்போம். வலிமை 16 உள்ள வீரன் பகடையில் விழுந்ததோடு 3 கூட்டிக்கொள்வான். வலிமை 14 உள்ளவன் 2 கூட்டுவான். பயிற்சிக்காக இருவர்க்கும் மேலும் 2 உண்டு. பகைவனின் காப்பு 15 என்றால், முன்னவனுக்குப் பகடையில் 10 விழுந்தால் போதும். பின்னவனுக்கு 11 வேண்டும். அதாவது 55 விழுக்காடும் 50 விழுக்காடும். இருபது முறை உருட்டினால் ஒருமுறைதான் வேறுபாடு! இதற்காகப் பல இரவு நூலைப் புரட்டுவது வீண் வேலை.

வேலையைப் பார்த்து வேடம்

அப்படியாயின் எதைப் பார்த்துத் தேர்வது? கங்கம்மா ஜாத்திரை வழி காட்டுகிறது. கொடுமை செய்த பாளையக்காரன் ஒளிந்துகொள்ள, அவனைத் தேடி அம்மன் பல வேடங்களில் திரிந்தாள் என்பது அங்கு வழங்கும் கதை. பைராகி வேடத்துக்கு நாமக்கட்டியின் வெண்மை. பண்ட வேடத்துக்குக் குங்குமம். தோட்டி வேடத்துக்குக் கரி. துரை வேடத்தில் வந்தபோதுதான் பாளையக்காரன் வெளிப்பட்டு மடிந்தானாம். ஒவ்வொரு வேடத்துக்கும் கண்டவுடன் தெரியும் அடையாளம் ஒன்று; எல்லா வேடத்துக்கும் தேடல் என்னும் வேலை ஒன்று. முதல் வேடத்துக்கு இவ்வளவே போதும்.

போர்வீரன் முன்னே நின்று அடி தாங்குவான். சமயகுரு காயம் ஆற்றுவார். கள்வன் பூட்டைத் திறப்பான், பொறியை முன்னறிவான். மந்திரவாதிக்கு வித்தை பல, விதிகளும் பல. முதற்படியிலேயே ஆறு மந்திரங்களை ஏட்டில் வைத்துக்கொண்டு, அன்றன்றைக்கு வேண்டியவற்றைத் தேர்ந்து ஆயத்தம் செய்ய வேண்டும். அவனுடைய உயிர்ப்புள்ளிக்கு அடிப்படை ஆறு, போர்வீரனுக்கோ பத்து. ஆகவே விதி தெரியாதவர்க்குப் போர்வீரனே பாதுகாப்பான தொடக்கம். இரண்டொரு பிழை செய்தாலும் பிழைத்திருப்பான். எனினும் மந்திரத்தில்தான் மனம் செல்கிறது என்றால் அதையே எடுங்கள்; விருப்பம் இருந்தால் விதி தானே மனத்தில் பதியும். மற்றவர்கள் என்ன வேடம் எடுத்திருக்கிறார்கள் என்று மட்டும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொழில் எதுவாயினும், உங்கள் வேடத்தை அந்தக் கற்பனை நாட்டுக்குப் புதிதாக வந்த அயலூரானாக வைத்துக்கொள்ளுங்கள். இதுவே நான் வற்புறுத்த விரும்புவது. அந்த நாட்டின் அரசன் யார், தெய்வம் எது என்பன உங்களுக்குத் தெரியா. உங்கள் வேடத்துக்கும் தெரியா. எனவே "இங்கே என்ன வழக்கம், ஐயா?" என்று கூச்சமின்றிக் கேட்கலாம். உங்கள் அறியாமையே வேடத்தின் இயல்பாகி விடுகிறது. வேற்றூரில் பேருந்துக்கு வழி கேட்டுப் பழகிய நமக்கு இந்த வேடம் கைவந்ததன்றோ?

கட்டியங்காரனின் கேள்விகள்

தெருக்கூத்தில் திரைக்குப் பின்னிருந்து வரும் பாத்திரத்தைக் கட்டியங்காரன் விசாரிப்பான். அதே போல் நீங்களும் உங்கள் வேடத்தை மூன்று கேள்விகள் கேளுங்கள். நீ யார்? எங்கிருந்து வருகிறாய்? இவர்களோடு ஏன் போகிறாய்? ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விடை போதும். "உப்பு வணிகனின் மகன், கடற்கரையிலிருந்து வருகிறேன், காணாமற்போன அண்ணனைத் தேடிப் போகிறேன், இவர்களும் அவ்வழியே போகிறார்கள்." வேடம் ஆயத்தமாகிவிட்டது!

மூன்றாம் கேள்விக்கு விடையில்லாத வேடம் ஆகாது. எவரோடும் ஒட்டாத தனியன், தோழர் பையிலேயே கைவைக்கும் திருடன் ஆகியோர் கதையில் சுவைப்பார்கள், மேசையில் கசப்பார்கள். "என் வேடத்தின் குணம் அப்படி" என்று சொல்லித் தப்ப முடியாது. அந்தக் குணத்தைக் கொடுத்தவர் நீங்களே அல்லவா?

அடிப்படை விதிகளை வெளியீட்டாளரே விலையின்றித் தருகின்றனர். அவற்றை முழுதும் படித்த பின்னரே அமர்வேன் என்று காத்திருக்க வேண்டா. முதல் வேடம் கடைசி வேடமன்று. நாலு வாரத்துக்குப் பின் மாற்றிக்கொள்ளலாம். அழைப்பவர் தெலுங்கு நண்பராயினும் தயங்காது போய் அமருங்கள். அயலூரானாகத் தொடங்கியவர் அந்தக் கூட்டத்தில் ஒருவராகி எழுந்து வருவார்.