இழப்பு மற்றும் சேத நிதியம்

இழப்பு மற்றும் சேத நிதியம் என்பது, காலநிலை மாற்றத்தால் ஏற்படும் பேரிடர்களில் பாதிக்கப்படும் வளரும் நாடுகளுக்கு உதவ உருவாக்கப்பட்ட பன்னாட்டு நிதியம் ஆகும். இதனை அமைக்கும் முடிவு நவம்பர் 2022-இல் எகிப்தின் சார்ம் எல் சேக் நகரில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் காலநிலை மாநாட்டில் எடுக்கப்பட்டது.

பொருள் விளக்கம்

காலநிலை நிதி மூன்று பணிகளுக்குத் தேவைப்படுகிறது. பசுமை இல்ல வளிமங்களின் வெளியேற்றத்தைக் குறைப்பது தணிப்பு. வெள்ளத் தடுப்புச் சுவர், வறட்சியைத் தாங்கும் விதை போன்றவற்றால் முன்கூட்டியே காத்துக்கொள்வது தகவமைப்பு. இவ்விரண்டையும் மீறி நேர்வதே இழப்பும் சேதமும். உடைந்த பாலத்தைப் பணம் இருந்தால் மீண்டும் கட்டலாம், அது சேதம். மாண்ட உயிரையும் கடல் கொண்ட ஊரையும் மீட்க முடியாது, அது இழப்பு.

வரலாறு

கடல்மட்ட உயர்வால் பாதிக்கப்படும் நாடுகளுக்கு உதவப் பன்னாட்டுக் காப்பீட்டு ஏற்பாடு ஒன்று வேண்டும் என 1991-இல் சிறு தீவு நாடுகளின் சார்பில் வனுவாட்டு முன்மொழிந்தது. அது ஏற்கப்படவில்லை. 2013-இல் வார்சா பன்னாட்டுப் பொறிமுறை அமைக்கப்பட்டது. ஆனால் அதனிடம் தனி நிதி இல்லை. 2015 பாரிசு ஒப்பந்தத்தின் 8-ஆவது பிரிவு இழப்பையும் சேதத்தையும் ஏற்றுக்கொண்டது. எனினும், இப்பிரிவு சட்டப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படையாகாது என்று உடன் நிறைவேற்றப்பட்ட தீர்மானம் கூறியது. எனவே இந்நிதியத்துக்குப் பணம் தருவது கடமையன்று, நாடுகளின் விருப்பம் மட்டுமே.

பாக்கித்தான் வெள்ளம்

2022-ஆம் ஆண்டு வெள்ளத்தால் பாக்கித்தானில் 3.3 கோடி மக்கள் பாதிக்கப்பட்டனர். 1,700-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மொத்த இழப்பும் சேதமும் 3,000 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் என மதிப்பிடப்பட்டது. உலக வளிம வெளியேற்றத்தில் அந்நாட்டின் பங்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடே. அவ்வாண்டு வளரும் நாடுகளின் ஜி77 குழுவுக்குத் தலைமை வகித்த பாக்கித்தான், இக்கோரிக்கையை மாநாட்டில் வலுவாக எழுப்பியது. சனவரி 2023-இல் செனீவாவில் அந்நாட்டுக்கு 900 கோடி டாலருக்கு மேல் உறுதியளிக்கப்பட்டது. அதில் பெரும்பகுதி கடன். வெள்ளத்தில் வீடிழந்த நாடு, வீடு கட்ட வாங்கிய பணத்தைத் திருப்பிச் செலுத்தவும் வேண்டியதாயிற்று. வளரும் நாடுகள் கடனை விடுத்து மானியம் கேட்பதன் காரணம் இதுவே.

செயற்பாடு

நவம்பர் 30, 2023 அன்று, துபாய் மாநாட்டின் முதல் நாளிலேயே நிதியம் செயற்பாட்டுக்கு வந்தது. ஐக்கிய அரபு அமீரகமும் செருமனியும் தலா 10 கோடி டாலர் தருவதாக அறிவித்தன. அமெரிக்கா அறிவித்தது 1.75 கோடி டாலர். நிதியத்தை இடைக்காலமாக உலக வங்கி பேணுகிறது. ஆட்சிக்குழுவின் 26 உறுப்பினர்களில் 14 பேர் வளரும் நாடுகளைச் சேர்ந்தவர்கள். குழுவை ஏற்று நடத்தும் நாடு பிலிப்பீன்சு. செனகலைச் சேர்ந்த இப்ராகிமா செய்க் தியோங் முதல் செயல் இயக்குநர் ஆனார். மார்ச் 2025-இல் அமெரிக்கா ஆட்சிக்குழுவிலிருந்து விலகியது. ஏப்ரல் 2025-இல் பார்படோசில் கூடிய குழு, தொடக்கக் கட்டமாக 25 கோடி டாலரை மானியமாக வழங்க முடிவு செய்தது. ஒரு திட்டத்துக்கு 50 இலட்சம் முதல் 2 கோடி டாலர் வரை கிடைக்கும்.

குறைபாடுகள்

துபாயில் உறுதியளிக்கப்பட்ட மொத்தத் தொகை ஏறத்தாழ 70 கோடி டாலர். இது பாக்கித்தானின் அந்த ஒரு வெள்ளத்தின் இழப்பில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. மேலும், உறுதியளித்த தொகை முழுவதும் உடனே கைக்கு வருவதில்லை. நாடுகள் தனியே ஒப்பந்தம் செய்து செலுத்தினால்தான் அது நிதியத்தைச் சேரும். 2024-இல் பக்கூ மாநாடு, 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்னும் காலநிலை நிதி இலக்கை ஏற்றது. அதிலும் இழப்புக்கும் சேதத்துக்கும் எனத் தனித்தொகை ஒதுக்கப்படவில்லை.