ரேடியேட்டர் தண்ணீர் எங்கே போகிறது?

மே மாதம் நெருங்கினால் புனேயில் நம்மவர்கள் வீடுகளில் ஒரே பேச்சுதான்: ஊருக்கு எப்போது புறப்படுவது, எதில் போவது? ரயிலில் காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போகும். சொந்தக் கார் வைத்திருப்பவர்கள், அது எத்தனை வயதான வண்டியாக இருந்தாலும், "இதிலேயே போய்விடலாமே" என்று யோசிக்க ஆரம்பிப்பார்கள். அவர்களில் சிலர் மாலை வேளையில் என்னிடம் வந்து, "வண்டி தண்ணீர் குடிக்கிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்பது வழக்கம். ஒரு தொழிற்சாலையின் வாகனப் பராமரிப்புப் பிரிவில் 30 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. எல்லாருக்குமாகச் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். வண்டி பெட்ரோல் குடிக்கும், தண்ணீர் குடிக்காது. ரேடியேட்டர், இன்ஜின், ரப்பர் குழாய்கள், பம்பு எல்லாம் சேர்ந்து மூடிய ஒரு சுற்று. அதற்குள் இருக்கும் கூலண்ட் சுற்றிச் சுற்றி வருகிறதே தவிரச் செலவாவதில்லை. வாரம் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால், வாரம் அரை லிட்டர் எங்கோ வெளியேறுகிறது என்று பொருள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் சேந்துவதுதான்.

இந்தச் சுற்றில் மிகச் சிறிய பொருளான ரேடியேட்டர் மூடிதான் மிகவும் அலட்சியப்படுத்தப்படுகிறது. அது வெறும் மூடி அல்ல. அதன் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த அளவு அழுத்தம் வரும் வரை உள்ளே இருக்கும் ஸ்பிரிங் வழிவிடாது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, 0.9 அழுத்தத்தில் ஏறக்குறைய 118 டிகிரி வரை தாங்கும். பிரஷர் குக்கரில் நடப்பதும் இதுவே. மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது. சீக்கிரமே கொதித்து ஆவியாக வெளியேறும். வண்டி ஆறும்போது, பக்கத்து பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போன கூலண்டை இதே மூடியில் உள்ள இன்னொரு சிறு வால்வுதான் திரும்ப உள்ளே விடுகிறது. அந்த வால்வு கெட்டாலும், டப்பாவுக்குப் போகும் மெல்லிய குழாயில் கீறல் விழுந்தாலும், டப்பா நிறைந்திருக்க ரேடியேட்டர் மட்டும் காலியாகும். டப்பாவை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைபவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஆகவே காலையில், வண்டி நன்றாக ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்து ரேடியேட்டரின் கழுத்துவரை இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. மேலே சொன்ன அழுத்தமும் சூடும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். முகமும் கையும் வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி ஒழுகலைத் தேடுவது. பலர் தரையைப் பார்க்கிறார்கள். ஈரம் இல்லையென்றால் "உள்ளே எரிகிறது, ஹெட் காஸ்கெட் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது அவசர முடிவு. சூடான இன்ஜின் மேல் விழும் சொட்டு தரைக்கு வருவதற்குள் ஆவியாகிவிடும். ஓடும்போது மட்டும் ஒழுகினால் அது சாலையோடு போய்விடும். மாறாக, சில ஒழுகல்கள் வண்டி ஆறிய பிறகே தொடங்கும். ரப்பரும் இரும்பும் சுருங்கும்போது கிளிப்பின் பிடி தளர்வதுதான் காரணம். எனவே இரவில் இன்ஜினுக்குக் கீழே பழைய அட்டைப்பெட்டி ஒன்றை விரித்துப் போட்டு வையுங்கள். காலையில் கறை எந்த இடத்துக்கு நேர் கீழே இருக்கிறது என்று பாருங்கள். ஏ.சி. ஓடிய வண்டியில் இடது இருக்கைப் பக்கம் சொட்டுவது வெறும் நீர், கவலை வேண்டாம். விரலில் வழவழப்பும் நிறமும் தெரிந்தால் அது கூலண்ட். முகர்ந்து பார்க்கலாம், லேசாகத் தித்திக்கும் வாசனை இருக்கும். நாக்கில் மட்டும் வைக்காதீர்கள், அது விஷம்.

நம் சங்க உறுப்பினர் ஒருவரின் 2007ஆம் ஆண்டு மாருதி 800 வண்டியைச் சொன்னால் இது விளங்கும். திருநெல்வேலிப் பக்கத்தில் அக்கா மகள் கல்யாணம். எண்பது வயது அம்மாவையும் அழைத்துப் போக வேண்டும். இங்கிருந்து பெங்களூர் வழியாக ஏறக்குறைய 1,450 கிலோமீட்டர். நான்கு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைந்தது. தரையில் ஒரு சொட்டு இல்லை. ஒரு பட்டறையில் இன்ஜினைத் திறக்க வேண்டும் என்று ஐந்து இலக்கத் தொகை சொல்லியிருந்தார்கள். "அண்ணாச்சி, அந்தக் காசுக்குப் பேசாம வண்டியையே எடைக்குப் போட்டிரலாம்லா? அம்மாவ எப்படிக் கூட்டிட்டுப் போகன்னுதான் தெரியல" என்றார்.

ஹெட் காஸ்கெட் போனால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு. இன்ஜின் சூடான பிறகும் சைலன்ஸரில் வெண்புகை நிற்காது. ஆயில் குச்சியில் பால் விட்ட காபி போல் தெரியும். (குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஆயில் மூடிக்கு அடியில் மட்டும் சிறிது வெண்மை படியும், அது வேறு.) காலையில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் ரேடியேட்டர் கழுத்தில் இடைவிடாமல் குமிழி வரும். மூடி போட்டு ஸ்டார்ட் செய்தால், சூடேறும் முன்பே மேல் ஹோஸ் கல்லாக இறுகும். அந்த வண்டியில் இவை ஒன்றும் இல்லை.

அடுத்ததாக, தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் பிரஷர் டெஸ்டரை இரவல் வாங்கினேன். கை பம்பும் அழுத்தமானியும் சேர்ந்த சிறு கருவி அது. ஆறிய வண்டியில் மூடிக்குப் பதிலாக அதைப் பொருத்தி, மூடியில் எழுதியுள்ள அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்ற வேண்டும். ஆசைப்பட்டு அதிகம் ஏற்றினால் பழைய ரேடியேட்டர் பிளந்துவிடும். 0.9-க்கு ஏற்றிய முள் பத்து நிமிடத்தில் 0.6-க்கு வந்தது. ஒழுகல் இருப்பது உறுதி. இன்ஜின் ஓடவில்லை, சூடில்லை. ஆகவே சொட்டு ஆவியாகி ஒளியவும் முடியாது. டார்ச் விளக்கும் முகம் பார்க்கும் சிறு கண்ணாடியுமாகத் தேடியதில், வாட்டர் பம்புக்கு அடியில் வெள்ளையும் துருவுமாக ஒரு கோடு தெரிந்தது. பம்பின் உடம்பில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே தண்டைச் சுற்றியுள்ள சீல் தேய்ந்தால் அது வழியாகத்தான் நீர் கசியும். பம்பு தன் நோயைத் தானே சொல்லட்டும் என்று வைத்த துளை அது. அதை எம்சீல் போட்டு அடைத்தவர்களும் உண்டு! அடைத்தால் நீர் பேரிங்கிற்குள் போய்ப் பம்பே இறுகிவிடும்.

புதுப் பம்பு, அதன் காஸ்கெட், பெல்ட், இரண்டு ஹோஸ்கள், கிளிப்புகள், மூடி இவ்வளவும் மாற்றினோம். பட்டறை சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பல வண்டிகளில் பம்பை எடுக்க டைமிங் பெல்ட்டையும் கழற்ற வேண்டும். கழற்றியதே கழற்றியாயிற்று என்று அதையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. அம்மாவும் மகனும் கல்யாணத்துக்குப் போய் வந்தார்கள்.

எல்லாருக்கும் பம்புதான் என்றில்லை. பழைய வண்டிகளில் ஹோஸ் முனைகளே அதிகம் ஒழுகும். பிசைந்து பார்த்தால் மொறமொறப்பாகவோ, பஞ்சுபோல் ஊதியோ இருந்தால் மாற்றிவிடுங்கள். காருக்குள் இடது கால்மிதியில் பிசுபிசுப்பான ஈரமும் கண்ணாடியில் எண்ணெய் படிந்த மாதிரி மங்கலும் இருந்தால், ஹீட்டருக்குள் இருக்கும் சிறு ரேடியேட்டர் ஒழுகுகிறது. பித்தளை ரேடியேட்டரைப் பற்ற வைக்கலாம். அலுமினியத்தில் பிளாஸ்டிக் தலை பொருத்தியது பிளந்தால் மாற்றுவதே வழி. லாரிக்காரர்கள் மஞ்சள் பொடி கொட்டி அடைப்பார்கள். நடுவழியில் அவசரத்துக்கு அது சரி. ஊர் வந்து சேர்ந்ததும் கழுவாவிட்டால், ஓட்டையை அடைத்த மஞ்சள் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். "நம்ம வெயிலுக்கு வேண்டாம்" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் மெக்கானிக்குகளை நான் ஒப்புக்கொள்வதில்லை. இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் பெட்ரோல்தான் வீணாகும்.

திரும்ப நிரப்பும்போது போர் தண்ணீர் வேண்டாம். உப்புப் படியும், உள்ளே துருப்பிடிக்கும். கையேட்டில் சொல்லியுள்ள வகைக் கூலண்டையும் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரையும் சொன்ன அளவில் கலந்து, காற்றுக் குமிழி அடங்கும்வரை மூடியில்லாமல் ஓடவிட்டு மெதுவாக நிரப்புங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரே பச்சையில் வேறு வேறு வகைகள் உண்டு.

வழியில் சாத்தாராப் பக்கத்து மலை ஏற்றத்தில் சூடு முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். ஏறிய முள் சட்டென்று கீழே விழுந்தால் சந்தோஷப்பட வேண்டாம். சூட்டை அளக்கும் சென்ஸரைத் தொடத் தண்ணீரே இல்லாமல் போயிருக்கலாம். அரை மணி, முக்கால் மணி பொறுத்து, தொட்டுப் பார்த்துவிட்டுத் திறங்கள். கொதிக்கும் இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

வடித்தெடுத்த பழைய கூலண்டைச் சாக்கடையிலோ செடியிலோ கொட்டாதீர்கள். தித்திப்பாக இருப்பதால் தெருநாய் நக்கிவிடும், உயிர் போகும். குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்தால் வீட்டுக் குழந்தை எடுத்துக் குடித்துவிடும். பழைய இன்ஜின் ஆயிலைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் பட்டறையில், மூடியுள்ள கேனில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.