புகை வந்தால் எழுப்புவது யார்?

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டதும் காக்ஸ் டவுனில் பயணப் பேச்சு கிளம்பிவிடும். மார்க்கெட்டில் காய்கறி வாங்கும்போதும், வீலர் சாலை டீக்கடை வாசலிலும், "இந்தத் தடவை எங்கே?" என்பதுதான் கேள்வி. ஒரு காலத்தில் வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ போய்ச் சொந்தக்காரர்களைப் பார்த்து வருவதோடு விடுமுறை முடிந்துவிடும். இப்போது கேரளத்துப் படகு வீடும் பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஒரு பகல் காயலில் மிதந்து, ஓர் இரவு படகிலேயே தூங்கி எழுந்து வருவதில் பிள்ளைகளுக்குத் தனி ஆனந்தம்.

முன்பணம் கட்டும் முன்னால் குடும்பத் தலைவர் பல கேள்விகள் கேட்கிறார். ஏ.சி. எத்தனை மணிக்குப் போடுவார்கள்? கரிமீன் உண்டா? அப்பாவுக்கு ரசம் கிடைக்குமா? எல்லாம் நியாயமான கேள்விகளே. ஆனால் ஒன்றைமட்டும் யாரும் கேட்பதில்லை. "நாங்கள் தூங்கும்போது புகை வந்தால் எங்களை எழுப்ப என்ன ஏற்பாடு?"

கேட்டால் சிரிப்பார்கள். சுற்றிலும் தண்ணீர், இதில் நெருப்பாவது புகையாவது!

தண்ணீர் நடுவே தீ

கெட்டுவள்ளம் என்பது நெல் ஏற்றிச் சென்ற படகு. ஆணி அடிக்காமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டுவது அதன் சிறப்பு. அதன்மேல் மூங்கிலும் பாயும் வேய்ந்து அறைகள் எழுப்பினால் படகு வீடு தயார். மரம், கயிறு, மூங்கில், பாய் எல்லாமே எரியக்கூடியவை. பின்புறம் சமையலறை, அதில் கேஸ் அடுப்பு. என்ஜினுக்கு டீசல். ஏ.சி. ஓட ஜெனரேட்டர். ஊரில் நான்கு இடங்களில் இருக்க வேண்டியவை எல்லாம் சில அடி தூரத்துக்குள் ஒன்றாகக் குடியிருக்கின்றன.

2020 ஜனவரியில் வேம்பநாட்டுக் காயலில், பாதிராமணல் தீவுக்கு அருகே ஒரு படகு வீடு தீப்பற்றி எரிந்தது. அதில் சிறுவர்களும் இருந்தார்கள். நல்லவேளையாக அது பகல் நேரம். எல்லோரும் விழித்திருந்தார்கள், உதவிக்கும் ஆட்கள் வந்தார்கள். படகு போயிற்று, உயிர்கள் பிழைத்தன.

2023 நவம்பர் 11-ந் தேதி ஸ்ரீநகர் தால் ஏரியில் நடந்தது வேறு கதை. விடிவதற்கு முந்திய நேரம். குளிருக்கு அடக்கமாக மூடிய மர அறைகளில் பயணிகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு படகில் பிடித்த தீ அடுத்தடுத்துத் தாவியதில் ஐந்து படகு வீடுகள் சாம்பலாயின. வங்கதேசத்திலிருந்து வந்த மூன்று பயணிகள் மாண்டார்கள். அறையைச் சூடாக்கும் சாதனத்தில் கோளாறு என்று முதலில் கூறப்பட்டது.

இரண்டு இடத்திலும் சுற்றிலும் தண்ணீர்தான். ஒன்றில் விழித்திருந்தார்கள், மற்றொன்றில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

மூக்கு தூங்கிவிடும்

"புகை வந்தால் நெடி தாங்காமல் விழித்துக்கொள்ள மாட்டோமா?" என்று பலரும் நினைக்கிறார்கள். அதுதான் பெரிய தவறு. ஆழ்ந்த தூக்கத்தில் மோப்பத்தை நம்ப முடியாது. காதுதான் ஓரளவு காவல் இருக்கும். மெத்தையோ ரப்பர் நுரையோ கருகும்போது வரும் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கலந்திருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். தூங்குகிறவன் இன்னும் ஆழமாகத் தூங்கிப்போவான். தீ விபத்துகளில் பலரைக் கொல்வது நெருப்பு அல்ல, நெருப்புக்கு முன்னால் வரும் இந்தப் புகைதான்.

2019 செப்டம்பர் 2-ந் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடலோரத்தில் 'கன்செப்ஷன்' என்ற சுற்றுலாப் படகு எரிந்தது. கீழ்த்தளத்தில் தூங்கிய 34 பேரும் இறந்தார்கள். அங்கே புகை அலாரம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது படுக்கை அறையில் மட்டும் இருந்தது. தீ எழுந்த மேல்தளத்தில் இல்லை. இரவில் சுற்றி வந்து பார்க்கக் காவலாளும் இல்லை. அதற்குப் பிறகுதான், ஓரிடத்தில் புகை வந்தால் எல்லா இடத்திலும் ஒலிக்கும்படி அலாரங்களை இணைக்க வேண்டும் என்று அந்த நாட்டில் விதி செய்தார்கள். இங்கிலாந்தின் கால்வாய்களில் ஆண்டு முழுவதும் படகிலேயே குடியிருப்போர் பலர் உண்டு. அங்கே அறையுள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 ஏப்ரல் முதல் கட்டாயம்.

மதுரையில் நின்ற பெட்டி

படகில் ஏறாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. 2023 ஆகஸ்ட் 26-ந் தேதி அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே ஒரு சுற்றுலாப் பெட்டி தனியே நிறுத்தப்பட்டிருந்தது. லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் நாள்கணக்கில் அதிலேயே தூங்கி, அதிலேயே எழுந்து வந்தவர்கள். விதிக்கு மாறாகக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீ பிடித்தது. 9 பேர் இறந்தார்கள். தண்ணீரில் மிதக்காவிட்டாலும் அதுவும் ஒரு படகு வீடு போன்றதுதான். குறுகிய இடம், உள்ளேயே அடுப்பு, அயர்ந்து தூங்குகிற ஜனங்கள்.

பெங்களூருக்கும் இந்தத் துயரம் புதிதல்ல. காக்ஸ் டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், பழைய விமான நிலையச் சாலையில் இருக்கும் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் 2010 பிப்ரவரி 23-ந் தேதி புகை மாடி மாடியாக ஏறியது. பட்டப்பகல். இருந்தும் மூச்சுத் திணறியும், பயந்து கீழே குதித்தும் 9 பேர் மாண்டார்கள். உற்றாரை இழந்த குடும்பத்தார் 'பியாண்ட் கார்ல்டன்' என்ற அமைப்பைத் தொடங்கித் தீத்தடுப்புக்காகப் பாடுபட்டு வருகிறார்கள். விழித்திருந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், தூங்குகிறவர்களின் நிலை என்ன?

கரையில் நிற்கும் படகுகள்

காக்ஸ் டவுன், ஜீவனஹள்ளிச் சந்துகளில் உள்ள வீடுகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். குறுகலான மனை. அதன்மேல் இரண்டு மாடி, மூன்று மாடி. எல்லாருக்கும் சேர்த்து ஒரே படிக்கட்டு. திருடனுக்குப் பயந்து ஜன்னலுக்குக் கம்பி, பால்கனிக்குக் கிரில், கிரில்லுக்குப் பூட்டு. சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். படிக்கட்டின் அடியில் மின்சார ஸ்கூட்டர் விடிய விடிய சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும். அந்த பேட்டரியில் தீப்பிடித்தால் புகை வரும் வழியும், குடியிருப்போர் தப்பும் வழியும் ஒன்றே. திருடனுக்குப் போட்ட பூட்டு, வீட்டுக்காரனுக்கே வழி அடைத்துவிடுகிறது.

சிறு கருவி, பெரிய காவல்

புகை அலாரம் உள்ளங்கை அளவுதான். அதற்குள் சிறிய ஒளிக்கதிர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். புகை நுழைந்தால் ஒளி சிதறும். உடனே கருவி காதைத் துளைக்கும்படி அலறும். குடும்பத்தோடு ஓட்டலில் ஒருவேளை சாப்பிடும் செலவில் ஒன்று வாங்கிவிடலாம்.

புகை மேலே ஏறும் குணம் உள்ளது. ஆகவே படுக்கையறை வாசலுக்கு வெளியே, கூரையில் பொருத்த வேண்டும். சமையலறைக்குள் வைத்தால் தாளிக்கும்போதெல்லாம் கத்தும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கும் கத்தலாம். அதற்காக பேட்டரியைக் கழற்றி டார்ச்சில் போட்டுவிடக்கூடாது. ஜன்னலைத் திறந்து விசிறினால் தானே அடங்கும். மாதம் ஒருமுறை பொத்தானை அமுக்கிச் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டில் கருவியையே மாற்ற வேண்டும்.

கேஸ் அலாரம் வேறு. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும். எனவே அந்த அலாரம் தரைக்கு அருகில் இருக்க வேண்டும். படகில் இன்னும் எச்சரிக்கை தேவை. படகின் அடிவயிறு அண்டாவைப் போன்றது. கசிந்த கேஸ் அங்கே தேங்கினால் வெளியேற வழி கிடையாது.

படகில் ஏறியதும் பிள்ளைகளுக்குத் தண்ணீரைக் காட்டும் முன்னால் இரண்டு வழிகளைக் காட்ட வேண்டும். முன்பக்கம் போக ஒன்று, அது அடைபட்டால் மற்றொன்று. உயிர்க்காப்பு உடைகளும் தீயணைப்புக் குப்பியும் எங்கே என்று கேட்க வேண்டும். இரவில் சிலிண்டரின் வால்வை மூடிவிட்டார்களா, ஜெனரேட்டர் புகை அறைப்பக்கம் வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். அறைக்கு உள்ளிருந்து சாவியால் பூட்டக்கூடாது, தாழ்ப்பாள் போதும். பேட்டரியில் ஓடும் புகை அலாரத்தைப் பெட்டியில் துணிகளோடு எடுத்துச் சென்று அறையில் உயரமான இடத்தில் வைத்துக்கொள்வதிலும் வெட்கம் இல்லை.

வீட்டிலும் இவையே விதி. கிரில் சாவி எல்லோர் கைக்கும் எட்டட்டும். ஸ்கூட்டர் படிக்கட்டை விட்டு விலகட்டும். புகை சூழ்ந்தால் தரையோடு தவழ்ந்து வெளியேற வேண்டும். நகையை எடுக்கத் திரும்பக்கூடாது. வெளியே வந்தபின் 101 அல்லது 112 எண்ணுக்குச் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் ஊர் தூங்கியபோது கூர்க்கா தடியைத் தட்டிக்கொண்டு தெருவில் நடந்தார். திருடனை அவர் பார்த்துக்கொள்வார் என்ற தைரியத்தில் ஜனங்கள் கண்ணயர்ந்தார்கள். புகை தெரு வழியாக வருவதில்லை, வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. அதற்குக் காவல் வீட்டுக்குள்தான் வைக்க வேண்டும். இந்த விடுமுறைக்குப் பயணச் சாமான் பட்டியல் எழுதும் காக்ஸ் டவுன் தாய்மார்கள், ஊறுகாய்க்கும் பிஸ்கட்டுக்கும் கீழே அந்தச் சிறு கருவியையும் ஒரு வரி எழுதிக்கொள்வார்களாக. பயணம் முடிந்து வந்ததும் அது வீட்டுக் கூரையில் ஏறட்டும்.