ஞாயிற்றுக்கிழமை வேனும் ஒரு கிரவுண்டு மனையும்

தாம்பரத்தைச் சுற்றிக் குடியேறியவர்களின் சேமிப்பு மூன்று இடங்களில் கரைகிறது: மனை, கார், கடை. மூன்றையும் தனித்தனிச் செலவாகத்தான் எல்லோரும் எழுதி வைக்கிறார்கள். வங்கிக் கவுண்டரில் நெடுங்காலம் உட்கார்ந்து, பெரிய தொகை எடுக்க வருகிறவர்களிடம் "எதுக்குங்க?" என்று விசாரித்துப் பழகிய எனக்கு மூன்றும் ஒன்றாகவே தெரிகின்றன. மனை பார்க்கப் போகக் கார் வேண்டும். காரை வெளியே எடுத்தால் வழியில் கடை. கடை வாசலில் கையில் திணிக்கிற நோட்டீஸில் இன்னொரு மனை.

மதுராந்தகம், அச்சிறுபாக்கம் பக்கம் லே-அவுட் போட்டவர்கள் ஞாயிறு காலையில் தாம்பரத்திலிருந்து வேன் விடுகிறார்கள். ஏ.சி. வேன். போகும்போது இட்லி, பொங்கல். திரும்பும்போது வாழையிலைச் சாப்பாடு. அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்தால் தங்கக் காசு. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்த பிறகு, பல விளம்பரப் பலகைகள் தூரத்தை அங்கிருந்துதான் நிமிடத்தில் சொல்கின்றன. அந்த நிமிடங்கள் விடியற்காலை நிமிடங்கள். பொங்கல் விடுமுறை முடிந்து ஊரே திரும்பும் மாலையில் பரனூர் சுங்கச்சாவடியில் நின்று பார்த்தவர்களுக்கு அது புரியும்.

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் தெருவில் ஒரு தம்பி இப்படிப் போகக் கிளம்பினான். "அக்கா, இன்னிக்கு புக் பண்ணினா ஒரு கிராம் காசு தர்றாங்க" என்றான். "காசு குடுக்கட்டும்பா. ரேரா நம்பர் குடுக்கறாங்களான்னு முதல்ல கேளு" என்றேன். ரேரா என்பது மனை, வீட்டு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம். கேட்டிருக்கிறான். "அப்ளை பண்ணியிருக்கோம் சார், வந்துடும்" என்று பதில் வந்திருக்கிறது. அவன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பி வந்தான். எனக்கு அன்றைக்கு அவன்மேல் பெரிய மரியாதை வந்தது. ஒரு வேனே கைதட்டும்போது வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வேண்டும்.

இதில் நான் இத்தனை கறாராக இருப்பதற்குக் காரணம் 2016. அந்த ஆண்டு செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. விவசாய நிலத்தைக் கூறுபோட்டு விற்பதைத் தடுக்க அது தேவையான உத்தரவுதான். ஆனால் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தவர்கள் கையில் விற்க முடியாத நிலம் நின்றது. மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்த மனையை விற்க முடியாமல், கல்யாணத்துக்குப் போட வேண்டிய நகையையே அடகு வைக்க வந்தவர்களைக் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி செய்தது. அலைந்த அலைச்சலை யாரும் திருப்பித் தரவில்லை.

நிலமாவது கரையாமல் அங்கேயே இருக்கும். ஈமு கோழி அப்படி இல்லை. பெருந்துறையை மையமாகக் கொண்ட சுசி ஈமு ஃபார்ம்ஸ் 2012-ல் சரிந்தது. பணம் கட்டினால் குஞ்சு தருவோம், தீவனம் தருவோம், வளர்ப்பதற்கு மாதாமாதம் தொகையும் தருவோம் என்பது திட்டம். சினிமா நட்சத்திரங்கள் விளம்பரத்தில் வந்தார்கள். ஈமு ஆஸ்திரேலியப் பறவை, ஆள் உயரம் வளரும். அதன் கறியையும் முட்டையையும் எண்ணெயையும் யார் வாங்குவார்கள் என்ற கேள்வியை மட்டும் கேட்க ஆளில்லை. புதிதாகக் கட்டுகிறவர்களின் பணம்தான் பழையவர்களுக்கு மாதத் தொகையாகப் போனது. வரத்து நின்றதும் எல்லாம் நின்றது. பண்ணைகளில் பசியோடு நின்ற பறவைகளுக்குக் கடைசியில் அரசு தீவனம் போட வேண்டியதாயிற்று. அதற்கு முன்னால், 1990-களில், சென்னையின் அனுபவ் பிளான்டேஷன்ஸ் தேக்கு மரத்தைக் காட்டிப் பணம் வாங்கியது. தேக்கு முதிர ஒரு தலைமுறை வேண்டும்; அந்த நிறுவனம் பத்தாண்டுகூட நிற்கவில்லை. 2022-ல் ஆருத்ரா கோல்டு. மாதம் 25 முதல் 30 சதவீதம் என்று ஆசை காட்டி 2,400 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதாக வழக்கு.

ஒரு லட்சம் போட்டால் மாதம் 25,000 என்றால் நாலே மாதத்தில் முதல் முழுவதும் கைக்கு வந்துவிடுகிறது. அப்படி லாபம் தரும் தொழில் ஒருவரிடம் இருந்தால் அவர் ஊரைக் கூட்டிக் கடன் கேட்க மாட்டார். 1920-ல் பாஸ்டனில் சார்லஸ் போன்சி 45 நாளில் 50 சதவீதம் தருகிறேன் என்றபோதும் கணக்கு இதுதான். ஈமு, தேக்கு, தங்கம் என்று மேலே ஒட்டும் பெயர்தான் மாறுகிறது.

படித்தவர்கள் ஏன் விழுகிறார்கள் என்று கேட்பவர்கள் புறநகரில் குடியிருந்து பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் திருநெல்வேலிக்காரர்கள், தஞ்சாவூர்க்காரர்கள், ஆரணிக்காரர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். சொந்தபந்தம் ஊரில் இருக்கிறது. இங்கே உறவு என்பது காலையில் ஏரிக்கரையில் கூட நடப்பவர்கள், அபார்ட்மென்ட் செக்ரட்டரி, பிள்ளைக்கு டியூஷன் எடுக்கும் டீச்சர். காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவது அவர்கள்தான். அவர்களே ஒருநாள், "நானும் போட்டிருக்கேன் சார், மாசம் பொறந்தா டாண்ணு வருது" என்கிறார்கள். பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அந்த மாதம் வரை வந்துகொண்டுதான் இருக்கிறது. மோசடிக்காரன் நுழைவது இந்த நல்ல உறவின் வழியாகத்தான். பேராசை என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளுபவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். ரிட்டயர்மென்ட் பணம் வந்த வாரத்தில், பழகிய முகத்தை நம்பிய மனிதர்களை நான் அறிவேன்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். காரை முதலீடு என்று சொல்லி விற்கும் ஷோரூம் உண்டு. கேட்டுத் தலையாட்டும் குடும்பமும் உண்டு. இன்சூரன்ஸ்காரர்களின் பட்டியலைப் பாருங்கள்: ஒரு வருடம் ஆவதற்குள் காரின் மதிப்பில் 15 சதவீதம் கழிக்கிறார்கள். ஐந்தாம் ஆண்டில் 50 சதவீதம். 10 லட்ச ரூபாய்க் கார் என்றால் ஐந்தாண்டில் 5 லட்சம் போகிறது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 275 ரூபாய். பெட்ரோல், சர்வீஸ், கடன் வட்டி தனி. வயதான பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் வீட்டுக்கு அந்தச் செலவு தகும். கொத்தமல்லி வாங்கக் காரை எடுக்கும் வீட்டுக்குத் தகாது.

ஓட்டுவதும் எளிதில்லை. ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கும் நாங்கள் ஜி.எஸ்.டி. சாலைக்குப் போகத் தாம்பரம் மேம்பாலம் ஏற வேண்டும். குரோம்பேட்டையில் கடை எதிர்ப்பக்கம் என்றால் அடுத்த யூ-டர்ன் வரை போய்த் திரும்ப வேண்டும். ஆடித் தள்ளுபடிக் காலத்தில் அந்தத் திருப்பத்துக்கே அரை மணி. பார்க்கிங் கிடைத்த மகிழ்ச்சியில், "இவ்வளவு தூரம் வந்துட்டோம், சும்மாவா போறது" என்று வாங்குவதுதான் புறநகர்க் கடைச்செலவில் பெரும் பகுதி. புறநகர் மின்ரயில் 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் 5 ரூபாய். ரயிலில் போகிறவர் கையில் தூக்க முடிந்ததைத்தான் வாங்குவார். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சிக்கன வழி அது.

சூப்பர் மார்க்கெட்டில் பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்ப வேண்டாம். பொட்டலத்தின் மேல் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் கிராமுக்கு இவ்வளவு, மில்லிக்கு இவ்வளவு என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிய பாக்கெட்டிலும் சிறிய பாக்கெட்டிலும் இருக்கும் அந்த எண்களை ஒப்பிட்டால் போதும். நகைச் சீட்டு ஏன் 11 மாதம் என்றும் பலர் கேட்டிருக்கிறார்கள். பொருளுக்கான முன்பணம் 365 நாளைத் தாண்டினால் கம்பெனிச் சட்ட விதிகளின்படி அது டெபாசிட் ஆகிவிடும், அதனால்தான். போட்டுக்கொள்ள ஆசைப்பட்டு நகை வாங்குங்கள், அது நியாயமான ஆசை. முதலீடு என்று வாங்கினால், விற்கும் நாளில் செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. மூன்றும் திரும்பி வராது.

அடுத்த ஞாயிறு வேன் ஏறுகிறவர்களுக்கு: ரேரா எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் பாருங்கள். வில்லங்கத்தைப் பத்திரப்பதிவுத் துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். அட்வான்ஸைத் திங்கள்கிழமை கொடுத்தால் மனை ஓடிப்போகாது. வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. மாதாமாதம் கொட்டும் என்று ஆசை காட்டுகிறவர்கள் அந்த உறுதி தர முடியாது. ஏற்கெனவே ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருக்க வேண்டாம். முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்றே தமிழ்நாட்டில் 1997-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. மோசடி நிறுவனத்தின் சொத்தை முடக்கி, விற்று, பணத்தைப் பிரித்துத் தர அதில் வழி இருக்கிறது. ரசீதையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குப் போய்ப் புகார் கொடுங்கள். கூடவே, உங்களைச் சேர்த்துவிட்ட அந்தப் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள். அவர் பணமும் அதில்தான் இருக்கிறது.