வக்கீல் படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டா?



போன மாதக் குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா நாற்பதாயிரம் கடன் கேட்டார். பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு வக்கீல் ஆக ஆசை. நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குக் கட்டணுமாம். எந்தக் காலேஜ் என்று கேட்டேன். "மதுரை அரசு சட்டக் கல்லூரிதாங்க" என்றார்.

அதற்கு நுழைவுத் தேர்வே கிடையாது! தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் 5 வருடப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் இடம். எந்த குரூப் என்றாலும் சரி. ரிசல்ட் வரும் சமயத்தில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 சட்டப்படி 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். கடைசி நாளில் இ-சேவை மையத்தில் நின்று அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

'கிளாட்' தேர்வு, திருச்சியில் உள்ளது போன்ற தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு. 2 மணி நேரம், 120 கேள்வி, எல்லாமே ஆங்கிலம். தப்பு விடைக்குக் கால் மார்க் போகும். தினமும் ஆங்கிலப் பேப்பர் வாசிக்கிற பிள்ளை என்றால் அதையும் எழுதிப் பார்க்கட்டும்.

அக்கா கடன் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.