சூரியனது காந்தத்தை அளக்கும் கருவி

பூமியின் காந்தத்தை அறிய ஓர் ஊசி போதும். 9 கோடியே 30 லட்சம் மைலுக்கு அப்பால் கொதிக்கும் சூரியனிடத்தில் அவ்வூசியை யார் கொண்டுபோய் வைப்பது? அங்கிருந்து நம்மிடம் வருவது பெரும்பாலும் ஒளியே. ஆதலின் அவ்வொளியைத்தான் வினவுதல் வேண்டும்.

வலிய காந்தத்தின் நடுவே எரியும் பொருளின் நிறமாலைக் கோடுகள் அகலமாகின்றன என்பதை 1896-ல் ஹாலந்து தேசத்து ஸீமன் கண்டார். காந்தம் மிகுந்துழி ஒரு கோடே பலவாய்ப் பிளவுறும். 1908-ல் அமெரிக்க வானசாஸ்திரி ஹேல், வில்சன் மலையிலுள்ள 60 அடிக் கோபுரத் தொலைநோக்கியால் சூரியனது கரும்புள்ளிகளில் இப்பிளவைக் கண்டு, அவை ஆயிரக்கணக்கான காஸ் அளவுள்ள காந்த நிலையங்களெனத் தெளிவித்தார். பூமியின் காந்தமோ ஏறக்குறைய அரை காஸ்.

புள்ளிகளுக்கு அப்பால் சூரியன் முழுவதும் ஒரு காந்தமோ என்பது அடுத்த வினா. அதன்பொருட்டு 150 அடிக் கோபுரம் எழுந்தது. காற்றினால் கருவி அசையாதிருக்கும்படி, ஒரு கோபுரத்தின் கால்களை மற்றொன்றின் கால்களுக்குள் பொதிந்து வைத்த விந்தை அது! அடியில் 75 அடி ஆழக் கிணறொன்றில் நிறமாலைக் கருவி நின்றது. துருவங்களில் 50 காஸ் உளதென 1913-ல் ஹேல் அறிவித்தார். ஆனால் மெலிந்த காந்தத்தில் கோடு பிளவதில்லை. மயிரிழையினும் குறைவாகப் பருக்கும், அவ்வளவே. படத்தகட்டையும் மனிதர் கண்ணையும் நம்பி அதனை அளத்தல் அரிது. ஹேல் 1938-ல் காலமானபோதும் ஐயம் தீரவில்லை.

கோபுரத்தை இன்னும் உயர்த்துவதால் அது தீர்வதாயில்லை. பாப்காக் என்னும் தந்தையும் மகனும் வேறு வழி கண்டனர். காந்தத்தால் பிரிந்த கோட்டின் ஒரு பகுதியின் ஒளி வலஞ்சுழியாகவும், மறு பகுதியின் ஒளி இடஞ்சுழியாகவும் வரும். மின்விசையால் குணம் மாறும் பளிங்கு ஒன்றைப் பாதையில் நிறுத்தி, இவ்விரண்டையும் வினாடிக்குப் பன்முறை மாற்றி மாற்றி உட்புக விட்டனர். கோட்டின் இரு சரிவுகளிலும் சிறு துவாரங்களை வைத்தனர். காந்தம் உளதேல் கோடு பளிங்கின் தாளத்தோடு அசையும். துவாரங்களின் வழி வரும் ஒளியும் ஏறி இறங்கும். அத்தாளத்தோடு துடிக்கும் மின்னோட்டத்தை மட்டும் பிரித்துப் பெருக்கினால், ஒரு காஸ் அளவும் தப்பாது. வானத்துக் கலக்கமும் கருவியின் நடுக்கமும் தாளம் பிறழ்ந்தவையாதலின் பெரும்பாலும் ஒதுங்கிவிடும். இக்கருவியின் நுட்பமெல்லாம் இதிலேயே அடங்கும் என்பது என் கருத்து.

1950-க்குப் பிற்பட்ட சில ஆண்டுகளில் இக்கருவி காட்டிய துருவக் காந்தம் ஏறக்குறைய ஒரு காஸ். ஹேல் கூறியதில் ஐம்பதில் ஒரு பங்கு! இதனினும் பெரிய அதிசயம் பின்னர் வந்தது. 1957-ன் நடுவில் சூரியனது தென்துருவத்தின் காந்தம் திசை மாறிற்று. வடதுருவம் 1958 நவம்பரிலேயே மாறிற்று. இடையே ஓராண்டுக்கு மேலாக, இரு துருவங்களும் ஒரே குணமுடையனவாய் நின்றன.