தோரண வாயில்: சுமை தாங்கும் விலங்குகள்

பிரிக்பீல்ட்ஸில் நிற்கும் இந்தத் தோரண வாயில் மலேசியாவுக்கு இந்தியா அளித்த பரிசு. 2015 நவம்பர் 23 அன்று பிரதமர்கள் நரேந்திர மோடியும் நஜிப் ரசாக்கும் திறந்து வைத்தனர்.

இதற்கு முன்மாதிரி, மத்தியப் பிரதேசத்தின் சாஞ்சிப் பெருந்தூபியைச் சூழ்ந்த நான்கு வாயில்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையானவை. அங்கே வடக்கிலும் கிழக்கிலும் மேல்விட்டங்களைத் தாங்குபவை யானைகள், தெற்கில் சிங்கங்கள், மேற்கில் குள்ளப் பூதங்கள். அந்த வாயில்களைச் செதுக்கிய சிற்பிகள் புத்தரை மனித உருவில் காட்டவில்லை. சித்தார்த்தர் அரண்மனை துறந்த காட்சியில், குடைநிழலில் குதிரை செல்கிறது. முதுகில் ஆள் இல்லை.

அண்ணாந்து பாருங்கள்: இங்கே சுமையைத் தாங்குவது யார்?

அடுத்து: ஜாலான் துன் சம்பந்தன், ஜாலான் டிராவர்ஸ் சந்திப்பில் லிட்டில் இந்தியா நீரூற்று. அங்கேயும் யானைகள் உண்டு.